கஷ்ட காலத்தில் கால்பந்து ரவுடித்தனம் திரும்புமா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

லண்டனில் வெம்ப்ளி ஸ்டேடியம் இருக்கும் வெம்ப்ளி பார்க் பக்கம் வீடு தேடும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, வாடகை, கரண்ட், கேஸ் எல்லாம் ஏறிக்கிட்டே போகுது. கூட வேலை செய்யுற இங்கிலீஷ்காரப் பெரியவர் ஒருத்தர், இப்படியே போனா எண்பதுகள் மாதிரி ஃபுட்பால் கலாட்டா திரும்ப வந்துடும்னு சொல்றார். மனைவி, சின்னக் குழந்தையோட ஸ்டேடியம் பக்கத்துல இருக்கலாமா?”

தாராளமாக இருக்கலாம் தம்பி. அந்தப் பெரியவர் சொல்லும் கலாட்டா நிஜமாக நடந்ததுதான். ஆனால் பணக் கஷ்டத்தால்தான் அது வந்தது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு எதற்கோ பயப்படுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

1985-ஆம் வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் லூட்டனில் நடந்த மேட்சில் மில்வால் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி, நாற்காலிகளைப் பிடுங்கி போலீஸ் மேல் எறிந்தார்கள். அதற்கப்புறம் லூட்டன் க்ளப் சில வருடம் வெளியூர் ரசிகர்களையே உள்ளே விடவில்லை. மே மாதம் பர்மிங்ஹாமில் நடந்த மோதலில் சுவர் இடிந்து 15 வயதுப் பையன் இறந்தான். அதே மாதக் கடைசியில் பிரஸ்ஸல்ஸின் ஹேசல் ஸ்டேடியத்தில், லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து வந்ததில் நெரிசல் ஏற்பட்டுச் சுவர் சரிந்து 39 பேர் செத்தார்கள். பெரும்பாலும் யுவென்டஸ் அணியைப் பார்க்க வந்த இத்தாலியர்கள். இங்கிலாந்து க்ளப்புகளுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் ஐந்து வருடத் தடை விழுந்தது.

அந்த வருடம் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்று முடிந்ததும் அந்த மார்ச்சில்தான். இரண்டும் ஒன்றாக நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, ஒன்றிலிருந்துதான் இன்னொன்று வந்தது என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் கணக்கு அப்படி வரவில்லை. கும்பல் சேர்ந்து எதிரணி ரசிகர்களை அடிக்கும் வழக்கம் இங்கே வளர்ந்தது அறுபதுகளில். இங்கிலாந்து உலகக் கோப்பை வாங்கிய 1966-ஐ ஒட்டிய வருடங்கள் அவை. ஆலைகளுக்கு ஆள் போதாமல் இருந்த காலம். பையன்கள் கையில் வாரச் சம்பளம் இருந்தது, ரயில் ஏறி வெளியூர் மேட்சுக்குப் போக முடிந்தது. எண்பதுகளின் கும்பல்களும் பட்டினி கிடந்தவர்களால் மட்டும் ஆனவை இல்லை. வெஸ்ட் ஹாமின் கும்பலுக்கு ‘இன்டர் சிட்டி ஃபர்ம்’ என்று பெயர் வந்ததே இன்டர்சிட்டி ரயிலில் போய் வந்ததால்தான். ஃபிலா, லகோஸ்ட் என்று விலை கூடிய சட்டை போட்டுக்கொண்டு சண்டைக்குப் போவது அப்போதைய ஸ்டைல். அதற்குக் ‘கேஷுவல்ஸ்’ என்று பேர். வேலை இல்லாதவர்களும் அதில் இருந்தார்கள், நல்ல வேலையில் இருந்தவர்களும் இருந்தார்கள்.

அடுத்த பெரிய பொருளாதார அடி 2008-இல். 2011 கடைசியில் வேலையின்மை 8.5 சதவீதத்தைத் தொட்டது. பெரியவர் சொல்வது சரி என்றால் அந்த வருடங்களில் கால்பந்து வன்முறை ஏறியிருக்க வேண்டும். இறங்கியது. 2009-10 பருவத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்து தொடர்பான கைதுகள் 3,400 அளவில் இருந்தன. 2013-14இல் அது 2,300 அளவுக்கு வந்துவிட்டது. ஒரு பருவத்தில் மேட்சுக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை 3.5 கோடிக்கும் மேல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நடுவில் 2009 ஆகஸ்டில் வெஸ்ட் ஹாமின் அப்போதைய மைதானமான அப்டன் பார்க்கில் வெஸ்ட் ஹாம், மில்வால் மேட்ச் அன்று பெரிய மோதல் நடந்தது, ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். ஈஸ்ட் ஹாமில் அப்போது இருந்த நம்மவர்களைக் கேட்டால் சொல்வார்கள், மோதல் நடந்த கிரீன் ஸ்ட்ரீட் அவர்கள் தினமும் காய்கறி வாங்கும் தெரு. பொருளாதாரம் படுத்திருந்த நேரம்தான். ஆனாலும் அந்த மோதல் ஒரு ராத்திரியோடு நின்றது. அந்த இரு அணிகளுக்குள் இருந்த பழைய பகையைத் தாண்டி அது வேறெங்கும் பரவவில்லை.

சரி, எண்பதுகளில் இருந்தது எப்படிக் குறைந்தது? 1989 ஏப்ரலில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. நின்றுகொண்டு பார்க்கும் கூட்டம் போய், சீட் நம்பரும் கேமராவும் வந்தன. 1991 சட்டம் மைதானத்துக்குள் இறங்குவது, பொருள் எறிவது, நிறவெறிக் கோஷம் போடுவது மூன்றையும் குற்றமாக்கியது. 2000-இல் தடை உத்தரவுகள் இன்னும் கடுமையாயின. தடை வாங்கினால் 3 முதல் 10 வருடம் வரை மேட்ச் பக்கமே போக முடியாது, வெளிநாட்டில் இங்கிலாந்து ஆடும்போது பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். பிரீமியர் லீக் வந்தபின் டிக்கெட் விலையும் எங்கேயோ போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. உழைக்கும் மக்களின் ஆட்டத்தை அவர்களே பார்க்க முடியாமல் ஆக்கிவிட்டார்கள். ரவுடிகளை மட்டுமா வெளியே தள்ளியது அந்த விலை?

ஹில்ஸ்பரோ பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும், முக்கியமாக லிவர்பூலுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு. அது ரசிகர்களின் ரவுடித்தனத்தால் நடந்த சாவு இல்லை. குடித்துவிட்டு வந்தவர்களால்தான் நடந்தது என்று பழி போட்டார்கள், அந்தக் குடும்பங்கள் 27 வருடம் போராடின. ரசிகர்கள் மேல் தவறில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று 2016-இல் விசாரணை மன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்போது அந்தப் பழியை முதல் பக்கத்தில் போட்ட ‘சன்’ பத்திரிகையை அந்த ஊரில் இன்றும் பலர் கையால் தொடுவதில்லை. யாராவது “அந்தக் கால கலாட்டாவில் செத்தவர்கள்தானே” என்று சொல்லக் கேட்டால் நீங்களும் தலையாட்டிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் அண்ணனை அங்கே இழந்தவராக இருக்கலாம்.

“அப்படியானால் கொரோனாவுக்குப் பிறகு கைதுகள் கூடியதாகச் செய்தி வந்ததே?” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கூடியது உண்மைதான். 2018-19இல் 1,381, 2021-22இல் 2,198. ஆனால் எப்போது கூடியது என்று பாருங்கள். கொரோனா முடக்கம் முடிந்து மைதானங்கள் திறந்த உடனே. விலைவாசி உயர்வு உச்சிக்குப் போய் 11 சதவீதத்தைத் தாண்டியது 2022 அக்டோபரில். அந்தப் பருவத்தின் கைதுகள் 2,264, பெரிய வித்தியாசம் இல்லை. போலீஸ் அதிகம் கவலைப்பட்டது கொக்கெய்ன் பற்றி. அதனால்தான் மேட்சில் அந்த வகைப் போதைப்பொருளோடு பிடிபட்டு தண்டனை பெற்றாலும் தடை உத்தரவு போடலாம் என்று 2022-இல் விதியை மாற்றினார்கள். 2021 ஜூலையில் வெம்ப்ளியில் நடந்த யூரோ இறுதிப் போட்டிக்கு டிக்கெட் இல்லாமல் சுமார் 2,000 பேர் முண்டியடித்து உள்ளே போனதும் அந்தக் காலத்தில்தான். காலையிலிருந்து குடித்த கூட்டம், தடுக்கப் போதுமான ஏற்பாடு இல்லாத வாசல். பணக் கஷ்டம் அங்கே பெரிய காரணமாக எனக்குத் தெரியவில்லை.

கஷ்ட காலம் ரசிகர்களை வேறு மாதிரியும் சேர்த்திருக்கிறது. 2015-இல் எவர்ட்டன், லிவர்பூல் ரசிகர்கள் பகையை ஒதுக்கிவைத்துவிட்டு, மேட்ச் நாளில் மைதானத்து வாசலில் நின்று உணவு வங்கிக்குப் பொருள் சேர்க்க ஆரம்பித்தார்கள். இன்று பல ஊர்களில் அது நடக்கிறது. உங்கள் ஊர் மைதானத்து வாசலில் அப்படி யாராவது நின்றால் ஒரு பாக்கெட் பாஸ்தாவோ டின் பீன்ஸோ வாங்கிப் போய்க் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அப்படியானால் கஷ்ட காலத்துக் கோபம் எங்கே போகிறது? என் கவலை இங்கேதான். 2009-இல், வேலை போய்க்கொண்டிருந்த நேரத்தில், லூட்டனில் கிளம்பிய ‘இங்கிலிஷ் டிஃபென்ஸ் லீக்’ என்ற முஸ்லிம் எதிர்ப்பு அமைப்பு கால்பந்துக் கும்பல்களிலிருந்து நிறைய ஆள் சேர்த்தது. ஊர் ஊராகப் போகும் பழக்கமும் கூட்டம் கூட்டும் தொடர்புகளும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. இலக்குதான் மாறியது, எதிரணி ரசிகர்கள் இருந்த இடத்தில் குடியேறிகளும் முஸ்லிம்களும் இருந்தார்கள். 2024 ஜூலைக் கடைசியில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபின் பரவிய ஒரு பொய்ச் செய்தியால், ஆகஸ்ட் தொடக்கம் வரை கலவரக் கும்பல்கள் பள்ளிவாசல்களையும் அகதிகள் தங்கிய ஹோட்டல்களையும் தாக்கின. அதற்கு மைதானமும் தேவைப்படவில்லை, மேட்சும் தேவைப்படவில்லை. மிடில்ஸ்பரோவில் காரை மறித்து, ஓட்டுகிறவர் வெள்ளைக்காரரா என்று கேட்டார்கள். அந்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் வந்த வதந்திகள் இருக்கிறதே, பாதி பேர் வேலைக்குப் போகவே பயந்தார்கள். அப்படி ஒரு நேரம் மறுபடி வந்தால் உள்ளூர் போலீஸும் கவுன்சிலும் சொல்வதை மட்டும் கேளுங்கள், ஃபார்வர்டுகளைப் பரப்பாதீர்கள், தனியாக இருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும் ஒரு போன் போடுங்கள். அதே ஆகஸ்ட் 7-ஆம் தேதி வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கானவர்கள் இதை எதிர்த்துத் தெருவில் நின்றதையும் மறக்க வேண்டாம். அவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான்.

இன்னொரு இடம் வீடு. 2002, 2006, 2010 உலகக் கோப்பைகளின்போது லங்காஷயர் போலீஸ் பதிவுகளை லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாட்களில் குடும்ப வன்முறைப் புகார்கள் 38 சதவீதம் கூடியிருந்தன, ஜெயித்த அல்லது டிரா ஆன நாட்களிலும் 26 சதவீதம். வீட்டில் அடி வாங்கும் எந்தப் பெண்ணும், எந்த விசாவில் இருந்தாலும், 0808 2000 247 என்ற இலவச எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம். தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இப்போது வெம்ப்ளித் தம்பிக்கு நடைமுறை விஷயங்கள். உங்களுக்கு வரப்போகும் நிஜமான தொல்லை பார்க்கிங். பெரிய நிகழ்ச்சி நாட்களில் பிரென்ட் கவுன்சிலின் தனி விதி அமலுக்கு வரும். பர்மிட் இல்லாமல் விருந்தாளி காரை நிறுத்தினால் அபராதம்தான். வீடு எடுக்கும் முன்பே நிகழ்ச்சி நாள் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். அந்த நாட்களில் ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்கு வெம்ப்ளி பார்க் ஸ்டேஷனில் பெரிய வரிசை நிற்கும், தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் போகாதீர்கள். இதெல்லாம் ஸ்ட்ராட்ஃபோர்டில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். வெஸ்ட் ஹாம் 2016-இலேயே அங்கே போய்விட்டது.

மேட்ச் நாள் ரயிலில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். பெரும்பாலும் சத்தம் மட்டும்தான். வம்பு என்று தோன்றினால் அடுத்த பெட்டிக்கு மாறுங்கள், 61016-க்கு மெசேஜ் அனுப்பினால் ரயில்வே போலீஸ் பார்ப்பார்கள். ஆபத்து என்றால் 999. வாசலில் ‘ஹோம் ஃபேன்ஸ் ஒன்லி’ என்று போர்டு வைத்த பப்புக்குள் அன்று வேறு அணி ஜெர்சியோடு போகக் கூடாது. உள்ளூர் ரசிகர் பகுதியில் உட்கார்ந்துகொண்டு எதிரணி கோலுக்குத் துள்ளினால் அடி விழாவிட்டாலும் ஸ்டூவர்ட் (கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மைதான ஊழியர்) வெளியே அனுப்பிவிடுவார்.

மாணவர்களுக்கு: ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினாலும் நீங்கள் ஓடாதீர்கள். அது குற்றம். தண்டனை விழுந்தால் விசா, நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பங்களில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். கிரிக்கெட்டில் சீட்டிலேயே பீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு இங்கேயும் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 1985 சட்டப்படி ஆண்களின் பெரிய லீக் கால்பந்தில் ஆட்டம் கண்ணில் படும் இடத்தில் மது கூடாது. போக முடியாத மேட்ச் டிக்கெட்டைக் குழுவில் விற்பதும் தப்பு. க்ளப் அனுமதி இல்லாமல் விற்பது 1994-லிருந்து குற்றம். க்ளப்பிடமே திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக டூட்டிங்கிலிருந்து ஒரு அக்கா கேட்டது: பத்து வயது மகன் மேட்ச் பார்க்க ஆசைப்படுகிறான், பிரீமியர் லீக் டிக்கெட் விலை கட்டாது, என்ன செய்யலாம்? பக்கத்திலேயே ப்ளௌ லேனில் ஏஎஃப்சி விம்பிள்டன் இருக்கிறது. பழைய க்ளப்பை மில்டன் கீன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போக அனுமதி கிடைத்தபோது 2002-இல் ரசிகர்களே ஆரம்பித்த க்ளப், 2020-இல் சொந்தப் பேட்டைக்குத் திரும்பியது. குடும்பங்களுக்கான பகுதியில் டிக்கெட் கேளுங்கள், க்ளப் இணையதளத்திலேயே வாங்குங்கள், அரை மணி முன்னதாகப் போங்கள். மகனுக்குத் தடிமனான சாக்ஸ் போட்டுவிடுங்கள், சும்மா உட்கார்ந்திருந்தால் கால்தான் முதலில் விறைக்கும்.