மூன்று டிவிஷன் பிள்ளைகள், ஒரு நாள் பயிற்சி: என்ன விளையாட்டு வைக்கலாம்?

மஸ்கெலியாத் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்து இளைஞர் கழகத்தில் ஒருநாள் பயிற்சி வைக்கிறோம். தோட்டத்தின் மூன்று டிவிஷனிலிருந்தும் (பிரிவு) முப்பத்தைந்து, நாற்பது பேர் வருவார்கள். ஓ.எல். (சாதாரண தரம்) எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள், ஏ.எல். (உயர்தரம்) படிப்பவர்கள், கொழும்பில் கடை வேலைக்குப் போய்த் திரும்பி வந்த சிலர். சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும், வாய் திறந்து பேசப் பழக வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

சிக்கல் என்னவென்றால், மேல் டிவிஷன் பையன்களும் கீழ் டிவிஷன் பையன்களும் ஒரு கிரிக்கெட் மேட்ச் தகராறுக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெண் பிள்ளைகள் தங்களுக்குள் கலகலவென்று இருப்பார்கள், பையன்கள் வந்து உட்கார்ந்தால் சுவரைப் பார்ப்பார்கள். போன தடவை வெளியிலிருந்து வந்தவர்கள் புரொஜெக்டரில் 'டீம் வர்க்' என்று ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டினார்கள். மத்தியானச் சோற்றுப் பார்சலைத் தவிர யாருக்கும் எதுவும் ஞாபகமில்லை.

கயிறிழுத்தல், சாக்கு ஓட்டம், காதில் சொல்லி அனுப்புவது, மனித முடிச்சு (வட்டமாக நின்று குறுக்கும் நெடுக்குமாகக் கை பிடித்து, பிடியை விடாமல் அவிழ்ப்பது), கண்ணைக் கட்டி வழி நடத்துவது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். காசு கிட்டத்தட்ட இல்லை. சமூக மண்டபம் கிடைக்கும், பின்னால் கோயில் மைதானம் இருக்கிறது. ஜூன் கடைசியில் நாள் குறித்திருக்கிறோம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளை டீச்சர் (ஓய்வு):

தம்பி, முதல் வேலையாகக் கயிறிழுத்தலை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்கிற இரண்டு டிவிஷன் கையில் நீங்களே கயிற்றைக் கொடுப்பானேன்?

ஜூன் என்றால் எங்கள் பக்கம் காற்றுதான், உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அதனால் மைதானத்தை மறந்துவிட்டு எல்லாவற்றையும் மண்டபத்துக்குள் நடத்துகிற மாதிரி யோசியுங்கள். வெயில் வந்தால் லாபம்.

குழு பிரிக்கும்போது 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்ல வைக்காதீர்கள். கூட்டாளிகள் இடம் மாறி நின்று சேர்ந்துகொள்வார்கள். பிறந்த மாதம், தேதி வரிசைப்படி எல்லாரையும் ஒரே வரிசையில் நிற்கச் சொல்லுங்கள், ஆனால் யாரும் வாய் திறக்கக் கூடாது. கையைக் காட்டி, விரலை மடக்கி எப்படியோ நின்றுவிடுவார்கள். அந்த வரிசையை எட்டு எட்டுப் பேராக வெட்டினால் டிவிஷன் தானாகக் கலந்துவிடும்.

பேச வைப்பதைப் பற்றி: எந்த விளையாட்டு வைத்தாலும் எப்போதும் பேசுகிற நாலு பேர்தான் பேசுவார்கள். பேசாத பிள்ளையைப் 'பேசு, பேசு' என்றால் இன்னும் சுருங்கும். அதனிடம் மட்டும் இருக்கிற ஒரு விஷயம் இல்லாமல் ஆட்டம் நகராது என்று வைத்துவிட்டால், மற்றவர்களே போய்க் கேட்பார்கள். நான் வகுப்பில் இதற்காக ஒரு ரயில் ஆட்டம் வைத்திருந்தேன். ஐந்து பேர் ரயிலில் போகிறார்கள், ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, ஹப்புத்தளை, பண்டாரவளை என்று ஆளுக்கொரு ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். யார் எங்கே இறங்கினார் என்று கண்டுபிடிக்க வேண்டும். எட்டுப் பேருக்கும் எட்டுத் துண்டுக் காகிதம். 'தாத்தா, லீக்ஸ் மூட்டைக்காரருக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்கினார்', 'நானுஓயாவில் இறங்கியவரிடம் குடை இல்லை' என்பது மாதிரி எழுதியிருக்கும். காகிதத்தை யாருக்கும் காட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும்.

ஒரு துண்டில் 'ரயில் பதுளைப் பக்கம் போகிறது' என்று மட்டும் இருக்கும். பார்த்தால் சாதாரணம், ஆனால் அது தெரியாமல் 'அடுத்த ஸ்டேஷன்' எது என்றே சொல்ல முடியாது. அந்தத் துண்டைச் சுவரைப் பார்க்கிற பிள்ளையிடம் கொடுங்கள். 'ஒஹியவில் பனிமூட்டமாக இருந்தது' என்ற ஒன்றுக்கும் உதவாத துண்டை உங்கள் வாயாடியிடம் கொடுங்கள். அவன் படுகிற பாட்டைப் பார்க்கவே ஒரு டிக்கெட் போடலாம்.

காதில் சொல்லி அனுப்புவது சிரிக்க நல்லது, அதோடு சரி. அதில் திருப்பிக் கேட்க இடமில்லை, நம் பிள்ளைகளுக்குக் கூச்சமே திருப்பிக் கேட்பதில்தான். அதற்குப் பதில் இரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்கார வைத்து, ஒருவர் சொல்ல மற்றவர் படம் வரையட்டும். முதல் தடவை கேள்வி கேட்கக் கூடாது, இரண்டாம் தடவை கேட்கலாம். 1951இல் லெவிட், முல்லர் என்ற இருவர் செவ்வகங்களை வரையச் சொல்லிச் செய்து பார்த்த சோதனையும் இதுதான். கேள்வி கேட்க விட்டால் நேரம் கூடுதலாகப் போகும், படம் சரியாக வரும்.

மனித முடிச்சில் ஒரு விஷயம். எல்லா முடிச்சும் ஒரே வட்டமாக அவிழாது. சில நேரம் ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வட்டம் வரும், சிலது அவிழவே அவிழாது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஒரே ஒரு பிடியை விட்டு மாற்றிப் பிடிக்கலாம் என்று சொல்லுங்கள். எந்தப் பிடி என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.

கொட்டகலைக்காரன்:

டீச்சர் சொன்ன ரயில் ஆட்டத்தை நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கயிறிழுத்தலோடு போட்டியையே தூக்கிவிட வேண்டாம். போட்டியே இல்லையென்றால் நம் பையன்கள் அரை மணி நேரத்தில் போனை எடுத்துவிடுவார்கள். குழுவுக்கும் குழுவுக்கும் வைக்காமல் கடிகாரத்தோடு வையுங்கள்.

அதற்குத் தோதானது படங்கு (தார்ப்பாய்) புரட்டுவது. பழைய படங்கை விரித்து எட்டுப் பேரும் அதன் மேல் ஏறி நிற்க வேண்டும். கால் தரையில் படாமல் படங்கை மறுபக்கம் புரட்டிப் போட வேண்டும். முதலில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், படங்கு அசையாது. யாராவது ஒருவர் 'இரு, ஒரு மூலையிலிருந்து மடக்குவோம்' என்று சொன்ன பிறகுதான் நகரும். நேரத்தைக் குறித்துக்கொண்டு அதே குழுவுக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுங்கள். நெருக்கியடித்து நிற்க வேண்டி வரும், அதனால் இதற்கு மட்டும் பையன்கள் தனி, பெண் பிள்ளைகள் தனி. படங்கு ஈரமாக இருந்தால் வைக்காதீர்கள், வழுக்கும்.

இன்னொன்று முடிந்த அளவு உயரமாகக் கோபுரம் கட்டுவது. வெளிநாட்டில் இருபது ஸ்பகெட்டி, கொஞ்சம் டேப், கொஞ்சம் நூல், உச்சியில் ஒரு மார்ஷ்மெல்லோ, 18 நிமிடம் என்று வைப்பார்கள். பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கியது, டொம் வூஜெக் 2010இல் பேசிய பிறகு உலகமெல்லாம் பரவியது. அதில் வியாபாரப் படிப்பு முடித்தவர்களை விடப் பாலர் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகக் கட்டினார்கள். பெரியவர்கள் திட்டம் போட்டே நேரத்தைக் கழித்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் உச்சியில் வைப்பார்கள், சரிந்துவிடும். குழந்தைகள் முதலிலிருந்தே வைத்து வைத்துப் பார்ப்பார்கள். நமக்கு ஈர்க்கு விளக்குமாறும் ஒரு சின்னத் தேசிக்காயும் (எலுமிச்சை) போதும். தேசிக்காய் பாரத்துக்கு ஈர்க்கு வளைகிறதைப் பார்த்த பிறகுதான் முக்கோணமாகக் கட்ட வேண்டும் என்று புத்தி வரும்.

ஹட்டன் தங்கச்சி:

நான் இப்படியான பயிற்சிகளுக்குப் போய் வந்த பிள்ளை. அண்ணாமார் யோசிக்காததைச் சொல்கிறேன். மனித முடிச்சு என்றதும் நாங்கள் பின்னால் போய் நிற்பது விளையாடத் தெரியாமல் இல்லை. பையன் கையைப் பிடித்தால் அன்று பின்னேரமே லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கக் கதை வந்துவிடும். ஆளுக்கொரு துண்டுத் துணி கொடுங்கள், கைக்குப் பதில் துணி நுனியைப் பிடிக்கட்டும். முடிச்சும் கொஞ்சம் தளர்வாக இருக்கும், உள்ளே நுழைந்து வர லேசு. கண்ணைக் கட்டி வழி நடத்தும் விளையாட்டில் ஜோடியை எங்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள். பாவாடை கட்டி வந்தால் குனிந்து நிமிர முடியாது, என்ன உடுத்து வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். மூன்றரைக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் போனால், தூர டிவிஷன் பிள்ளைகளுக்கு அடுத்த தடவை வீட்டில் அனுமதி கிடைக்காது.

பண்டாரவளை டீச்சர் (ஓய்வு):

சபாஷ் பிள்ளை, துணி யோசனை எனக்கே வரவில்லை. தம்பி, மறந்துபோன ஒன்று. ஒவ்வொரு விளையாட்டும் முடிந்ததும் அது எடுத்த அளவுக்கு நேரம் உட்கார்ந்து பேச விடுங்கள். 'என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்று கேட்டால் 'ஒற்றுமையே பலம்' என்று ஒப்பித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். 'யார் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை?' என்று கேளுங்கள், அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டம்.

மஸ்கெலியாத் தம்பி:

ரொம்ப நன்றி டீச்சர், அண்ணே, தங்கச்சி. கயிறிழுத்தலும் சாக்கு ஓட்டமும் போயாச்சு. காலையில் பிறந்தநாள் வரிசை, ரயில், முதுகோடு முதுகு, பிறகு துணி பிடித்து முடிச்சு. சாப்பாட்டுக்குப் பின் தூக்கம் வருகிற நேரத்தில் படங்கு, கடைசியாகக் கோபுரம். கண் கட்டுவதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன், நேரம் காணாது. டீச்சர், அந்த எட்டுத் துண்டும் முழுதாக இருந்தால் இங்கேயே போட்டுவிடுங்கள். ஐந்து குழுவுக்கும் ஒரே புதிரா, வேறு வேறா?

பண்டாரவளை டீச்சர் (ஓய்வு):

ஒரே புதிர் போதும். குழுக்களை மட்டும் தள்ளித் தள்ளி உட்கார வையுங்கள், பக்கத்துக் குழுவில் கத்துவது கேட்டுவிடும். துண்டுகளை இன்றிரவு தட்டச்சு செய்து போடுகிறேன்.