உடலுறவில் வலி: மனசு எந்த இடத்தில் வேலை செய்கிறது? பெண்களைப் பார்க்கும் துறையினர் எழுதுங்கள்

மகளிர் மருத்துவர்

பாதிப் பேர் வலி என்று வருவதில்லை. "குழந்தை தங்கலை" என்றுதான் வருகிறார்கள். கையில் ஸ்கேன், தைராய்டு, கணவரின் விந்துப் பரிசோதனை என்று ஒரு ஃபைல் இருக்கும். "உறவு முழுசா நடக்குதா?" என்று தனித்தனியாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். "உள்ளயே போறதில்ல டாக்டர், சுவத்துல முட்டுற மாதிரி இருக்கு."

மனசைப் பேசுமுன் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். வலி யோனி வாசலிலா, ஆழத்திலா என்பது முதல் கேள்வி. வாசலில் என்றால் பூஞ்சைத் தொற்று, தையல் தழும்பு, பாலூட்டும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் வரும் வறட்சி, தோல் நோய்கள். ஆழத்தில் என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) நினைவுக்கு வரவேண்டும். பஞ்சுக் குச்சியால் யோனி வாயைச் சுற்றி மெதுவாகத் தொட்டுப் பார்த்தாலே பல சமயம் புரிந்துவிடும். கடிகாரத்தில் 5, 7 மணி இருக்கும் இடங்களில் மட்டும் சுரீர் என்றால் அது வேறு வகை, வைத்தியமும் வேறு. இது எதையும் பார்க்காமல் "எல்லாம் மனசுதாம்மா" என்று அனுப்பினால் அந்தப் பெண் அடுத்த டாக்டரிடம் போக வருஷக்கணக்கில் தயங்குவாள்.

உளவியல் ஆலோசகர்

டாக்டர் சொன்ன அந்த வாக்கியத்தை எங்கள் அறைக்கு வருகிற எல்லாருமே கேட்டிருக்கிறார்கள். "அப்ப நான் நடிக்கிறேனா?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. வலி நிஜம். பயம் அதைத் தசை வழியாக உண்டாக்குகிறது, அவ்வளவுதான்.

2001ல் நெதர்லாந்தில் செய்த ஒரு சோதனையை இவர்களுக்கு அப்படியே சொல்லிவிடலாம். வெஜினிஸ்மஸ், அதாவது நுழைய முயன்றாலே யோனியைச் சுற்றிய தசை தானாக இறுகும் பிரச்சினை, உள்ள பெண்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சில படக் காட்சிகளைப் போட்டுக் காட்டி, அந்த இடுப்புத்தளத் தசையின் இறுக்கத்தை அளந்தார்கள். மிரட்டலான காட்சி வந்ததும் இரு தரப்புக்குமே தசை இறுகியது. கூடவே தோள்பட்டைத் தசையும் இறுகியது. அதாவது உறவை மறுக்கும் செயல் இல்லை இது. ஆபத்து என்று மூளை நினைத்தால் எந்த உடம்பும் செய்வது. இதைக் கேட்டதும் சிலர் அங்கேயே அழுதுவிடுவார்கள், கணவர் முன்னால் ஒரு தடவை சொல்லுங்கள் என்பார்கள்.

பிறகு அந்தச் சுழல். ஒரு தடவை வலித்தால் அடுத்த தடவை உடம்பு வலியை எதிர்பார்த்தே படுக்கிறது. கவனமெல்லாம் அந்த இடத்தில்தான். கிளர்ச்சி வராது, ஈரம் வராது, தசை இறுகும், வலி கூடும். "கிழிஞ்சிடும்", "ரத்தம் கொட்டும்" என்று கல்யாணத்துக்கு முன் தோழிகளும் அக்காமார்களும் சொல்லி வைத்ததும் சேர்ந்துகொள்ளும். சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்குமோ என்று எல்லாரிடமும் தோண்டாதீர்கள். கேட்கத்தான் வேண்டும், ஒரு முறை, நிதானமாக. பலரிடம் அப்படி எதுவும் இருக்காது. இருந்தால் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் பழகிவிடும் என்பது மிகக் கெட்ட யோசனை. ஒவ்வொரு முறை பொறுக்கும்போதும் பயம் சரிதான் என்று மூளைக்கு ஒரு சாட்சி கூடுகிறது.

இடுப்புத்தளப் பிசியோதெரபிஸ்ட்

முதலில் ஒன்று: யூடியூபைப் பார்த்து கெகல் பயிற்சி செய்துவிட்டு வருகிறார்கள். அது இறுக்கும் பயிற்சி. ஏற்கெனவே இறுகிய தசைக்கு அது கெடுதல்தான்.

முதல் ஒரு வாரம் உள்ளே எதுவும் வேண்டாம். மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை. மூக்கால் 4 எண்ணி மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்பும், இடுப்புத்தளம் கீழே இறங்கும். 6 எண்ணி விட வேண்டும். காலை மாலை ஐந்தைந்து நிமிஷம். எது தளர வேண்டும் என்று புரியாதவர்களிடம், சிறுநீர் வரத் தொடங்கும் அந்த நொடியில் கீழே என்ன விடுபடுகிறதோ அதுதான் என்று சொல்லுங்கள்.

அடுத்து கண்ணாடி வைத்துப் பார்ப்பது. பிறகு சொந்த விரல் நுனி, வாயிலில் மட்டும். பிறகு ஒரு கணு. இது சரளமான பிறகே டைலேட்டர் (யோனிக்குள் வைத்துப் பழகும் வழவழப்பான குச்சி, பல அளவுகளில் ஒரு பெட்டியாக வரும்), சுண்டுவிரல் பருமனில் தொடங்கி. தண்ணீரில் கரையும் ஜெல் தாராளமாகத் தடவி, வால் எலும்பு இருக்கும் பக்கமாகச் சாய்த்து, 10 நிமிஷம் அசையாமல். வாரத்துக்கு நாலு நாள் போதும். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் வெடுக்கென்று உருவ வேண்டாம். அப்படியே நிறுத்தி, மூச்சு விட்டு, பாதி வெளியே எடுத்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். உருவினால் "தப்பித்தேன்" என்பதைத்தான் உடம்பு கற்றுக்கொள்ளும்.

கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்: ஒரு நாள் சுலபமாக இருந்தது என்று இரண்டு அளவு தாவுவது, மாமியார் கோயிலுக்குப் போன அரைமணிக்குள் அவசரமாக முடிப்பது, மூச்சைப் பிடித்துக்கொள்வது. பார்க்க வேண்டிய இடம் கால் பெருவிரல். அது மடங்கியிருந்தால் கீழேயும் இறுகித்தான் இருக்கிறது. பெட்டியை மட்டும் வாங்கிக் கையில் கொடுத்து அனுப்பினால் அது பீரோவில்தான் கிடக்கும்.

தம்பதியர் ஆலோசகர்

அந்தப் பெட்டி வேலை செய்ய, வீட்டில் ஒரு தடை உத்தரவு வேண்டும்: நாங்கள் சொல்லும்வரை உறவு முயற்சியே கூடாது. பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970ல் விவரித்த தொடுதல் பயிற்சி இதில்தான் தொடங்குகிறது. முதலில் மார்பும் பிறப்புறுப்பும் தவிர மற்ற இடங்கள், ஒருவர் தொட, ஒருவர் வாங்க, மாறி மாறி. உறவில் முடியப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் அவள் உடம்பு தளரும். "இன்னிக்கு நல்லா இருந்துச்சு, முயற்சி பண்ணலாமா?" என்று கணவர் ஒரு தடவை கேட்டால் ஒரு மாத வேலை போச்சு.

கோபப்படுகிற கணவரைவிட, ஐயோ பாவம் என்று முகம் வாடிப்போகும் கணவரைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஆய்வுகளில் இந்த இரண்டு விதமான நடத்தைக்குமே மனைவியின் வலி கூடுதலோடு தொடர்பு இருக்கிறது. வலிக்காத நெருக்கத்தைப் பாராட்டி அதைத் தொடர்கிற கணவரோடு இருப்பவர்களுக்குத்தான் வலி குறைவு. கூட்டுக் குடும்பமென்றால் தாழ்ப்பாளும் ஃபேன் சத்தமும்கூட வைத்தியம்தான், சிரிக்காதீர்கள்.

உளவியல் ஆலோசகர்

நம்பிக்கை இழந்தவர்களுக்கு ஒரு கணக்கு. அதே நெதர்லாந்தில், 2013ல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே உறவு நடக்காத 70 பெண்கள். சிகிச்சையாளர் கூட இருக்க, ஒரு வாரத்துக்குள் அதிகபட்சம் மூன்று நீண்ட அமர்வுகளில், உள்ளே நுழைப்பதைத் தாங்களே படிப்படியாகச் செய்து பார்த்த 35 பேரில் 31 பேரால் உறவு வைத்துக்கொள்ள முடிந்தது. காத்திருப்புப் பட்டியலில் இருந்த 35 பேரில் 4 பேரால்தான்.

ஸ்டாஃப் நர்ஸ்

பரிசோதனை மேசையிலேயே நாம் பயத்தைக் கூட்டிவிடக் கூடாது. "காலை அகட்டும்மா, இதுக்கே இப்படியா?" என்பதை முதலில் நிறுத்த வேண்டும். கை உயர்த்தினால் நிறுத்துவோம் என்று சொல்லி, உயர்த்தினால் நிஜமாகவே நிறுத்த வேண்டும். சின்ன ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி), வெதுவெதுப்பாக. விரும்பினால் அவரே நுழைத்துக்கொள்ளட்டும். முதல் நாளில் பரிசோதனையே வேண்டாம் என்றால் அதுவும் சரி.

மகளிர் மருத்துவர்

மரத்துப்போகும் ஜெல் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். யோனி வாசலில் எரிச்சல் உள்ளவர்களுக்குச் சிலசமயம் உதவும். பயத்துக்கு அது மருந்தாகாது, கணவருக்கும் மரத்துப்போகும். தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் ஆணுறை கிழியலாம்.

"பிரசவம் ஆனா சரியாயிடும், முதல்ல ஐ.யூ.ஐ. பண்ணிடுங்க" என்று குடும்பம் நெருக்கும். கருத்தரிப்பு அவசரமென்றால் ஐ.யூ.ஐ. (விந்தணுவைக் குழாய் வழியாகக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்யலாம்தான், ஆனால் வைத்தியமும் கூடவே நடக்க வேண்டும். இல்லையென்றால் பிரசவ வார்டில் தெரியாத ஒருவர் பரிசோதிக்கக் கையை உள்ளே விடும்போது பழைய பயம் முழுசாகத் திரும்பும். கர்ப்ப கால அட்டையிலேயே எழுதிவிடுங்கள்: உள்பரிசோதனை குறைவாக, சொல்லிவிட்டு, முடிந்தால் ஒரே ஆள்.