மறு: மறு: எல்லைக் காசை வேறு பக்கம் திருப்புவதற்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக மடல்களைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். கணக்குக் கிளையில் ஒரு வாழ்நாளைக் கழித்த மனுசன் இதில் வாய் திறக்காவிட்டால் வேறு எதில் திறப்பது? கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> அமெரிக்க எல்லைச் சுவர் நிதி பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். ஒரே பந்தியில் ரீப்ரோகிராமிங், ட்ரான்ஸ்பர் என்று இரண்டு சொல் வருகிறது. இரண்டுக்கும் 'நிதி ஒதுக்கீட்டு மாற்றம்' என்றே போட்டிருக்கிறேன். சரியா?

சரியில்லை, தங்கச்சி. அந்தச் சண்டையே காசு எந்தக் கணக்கில் கிடந்தது, யார் சொல்லி எந்தக் கணக்குக்குப் போனது என்பதுதான். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் வாசிப்பவருக்கு எதற்காக வழக்குப் போட்டார்கள் என்றே விளங்காது.

நடந்ததைப் பாருங்கள். ட்ரம்ப் மெக்சிகோ எல்லைச் சுவருக்கு 5.7 பில்லியன் டொலர் கேட்டார், காங்கிரஸ் (அவர்களுடைய நாடாளுமன்றம்) தரவில்லை. ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறாத திணைக்களங்கள் 2018 டிசம்பர் 22 இலிருந்து 35 நாள் முடங்கின. (ஷட்டவுனுக்கு 'அரசு முடக்கம்' போதும், அதில் நேரத்தை விடவேண்டாம்.) 2019 பெப்ரவரியில் வந்த சட்டம் கொடுத்தது 1.375 பில்லியன்தான். 15 ஆம் திகதி அதில் கையெழுத்து வைத்தவர், அதே நாளில் தேசிய அவசரநிலையையும் அறிவித்தார். பிறகு இராணுவக் கட்டுமானத்துக்கு வைத்திருந்த 3.6 பில்லியனைச் சுவருக்கு எடுத்தார்கள், 127 வேலைகள் தள்ளிப்போயின.

நமக்கு இதைவிட முக்கியம் இன்னொரு 2.5 பில்லியன். அது சுவருக்கு நேரே போகவில்லை. தரைப்படைச் சம்பளக் கணக்கு முதலான இடங்களில் கிடந்த காசை முதலில் பாதுகாப்பு அமைச்சின் போதைப்பொருள் தடுப்புக் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கணக்கிலிருந்து எல்லையில் வேலி கட்ட உதவலாம் என்று வேறொரு சட்டம் இடம் கொடுத்தது. கணக்கு விட்டுக் கணக்குத் தாண்டிய அந்த முதல் படிதான் ட்ரான்ஸ்பர். அதற்குச் சட்டத்தில் எழுதிய அனுமதி வேண்டும். அனுமதியோடு நிபந்தனையும் ஒட்டியிருக்கிறது: தேவை முன்கூட்டியே தெரியாததாக இருக்கவேண்டும், காங்கிரஸ் மறுத்த விடயத்துக்காக இருக்கக் கூடாது. வழக்குப் போட்டவர்கள் இறுக்கிப் பிடித்தது இதைத்தான். அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2019 ஜூலையில் 5 க்கு 4 என்ற கணக்கில், வழக்கு நடக்கும்போதே அந்தக் காசைச் செலவழிக்க விட்டது. (இலங்கையில் நாங்கள் இதை உயர் நீதிமன்றம் என்றுதான் எழுதுவோம். சென்னை நண்பர் குழம்பக் கூடாது என்று மாற்றினேன்.)

ரீப்ரோகிராமிங் அப்படியில்லை. கணக்கு அதேதான். அதற்குள் ஒரு வேலைக்கு வைத்ததை இன்னொரு வேலைக்கு மாற்றுவது. பெரும்பாலும் காங்கிரஸின் ஒதுக்கீட்டுக் குழுக்களுக்கு அறிவித்துவிட்டால் காரியம் நடந்துவிடும்.

எங்கள் நாட்டில் இந்த மாதிரி மாற்றத்தை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை, இலக்கம்தான். "அறுபத்தாறு போட்டாச்சா?" என்று கேட்டால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எல்லாருக்கும் விளங்கும். நிதிப் பிரமாணம் 66. ஒரு வோட்டில் (ஒரு செலவு உருப்படிக்கு ஒதுக்கிய காசில்) மிஞ்சியதை இன்னொரு வோட்டுக்குக் கொண்டுபோவது. அதற்கு மேலே, ஒவ்வோர் ஆண்டு ஒதுக்கீட்டுச் சட்டத்திலும் ஒரு பிரிவு வரும்: மீண்டெழும் செலவில் (சம்பளம், எரிபொருள் போன்றவை) மிஞ்சியதைத் திறைசேரிச் செயலாளரின் கட்டளைப்படி மூலதனச் செலவுக்கு (கட்டடம் போன்றவை) கொண்டுபோகலாம், மூலதனக் காசை மீண்டெழும் செலவுக்குக் கொண்டுவர முடியாது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், ஒரு டிசம்பரில் எரிபொருள் வோட் வற்றிவிட்டது. மேலதிகாரி கட்டட வோட்டைக் காட்டி, "இதில கிடக்குதே" என்றார். "கிடக்குது சேர், ஆனா அது எங்களுக்கில்லை" என்றேன். இரண்டு கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை. 31 ஆம் திகதி முடிய அந்தக் கட்டடக் காசும் யாருக்கும் உதவாமல் போய்விட்டது.

ஆனால் அமெரிக்கக் கட்டுரையில் 'அறுபத்தாறு' என்று போட முடியாதே. சரி, மற்றவர்கள் சொன்னதைப் பார்ப்போம்.

> அகராதியில் 'மறுநிரலாக்கம்' இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

நண்பரே, அது கணினிக்காரரின் சொல். சுவரை யாரோ மென்பொருளில் திருத்தி எழுதினார்கள் என்று வாசகர் நினைப்பார். இங்கே ப்ரோகிராம் என்பது வரவு செலவுத் திட்டத்தில் வரும் நிகழ்ச்சித்திட்டம். அதை வைத்து 'மறுநிகழ்ச்சித்திட்டமாக்கல்' என்று கட்டிப் பார்த்தேன். நாக்கு சுளுக்கிக்கொண்டது.

> எளிமையாக 'கணக்கு மாற்றம்' என்றால் என்ன?

கணக்கை மாற்றினார்கள் என்றால் எங்கள் ஊரில் பொலிஸ் வரும். வேண்டாம்.

> 'மடைமாற்றம்' பத்திரிகைகளில் ஏற்கெனவே புழங்குகிறதே?

புழங்குகிறது, ஆனால் குற்றச்சாட்டாக. 'நிதியை மடைமாற்றினார்' என்று தலைப்பு வந்தால் ஆள் ஏதோ சுருட்டிவிட்டார் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். இது அந்தச் சொல்லின் பிழையில்லை. அதை வயலிலிருந்து எடுத்தவர்கள் பாதியைத்தான் எடுத்தார்கள்.

என் அம்மாவின் ஊர் தம்பலகாமம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்கள். ஒரு வாய்க்காலில் ஐந்தாறு மடை இருக்கும். ஒருவருக்கு விதைப்புப் பிந்தினால் அவருடைய மடையை அடைத்து அடுத்தவருடையதைத் திறப்பது, வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையின் வேலை. இரண்டு பக்கத்துக்கும் சொல்லிவிட்டால் முடிந்தது, யாரும் இதைக் களவு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் இந்த வாய்க்கால் தண்ணீரை அந்த வாய்க்காலுக்கு விடுவதென்றால் வட்டவிதானையால் தனியே முடியாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பேசியிருக்கவேண்டும், நீர்ப்பாசனத் திணைக்களத்து ஆட்கள் வரவேண்டும், அப்படியும் சண்டை வரும். மூன்றாவது வகையும் உண்டு: இரவில் மண்வெட்டியோடு போய் வரம்பை வெட்டுவது. அதை யாரும் மடைமாற்று என்று சொல்வதில்லை. அதற்குத்தான் களவு என்று பெயர்.

இப்போது தங்கச்சியின் பந்திக்கு வாருங்கள். கணக்கு என்பது வாய்க்கால், அதற்குள் இருக்கும் வேலைகள் மடைகள். ஒரே கணக்குக்குள் வேலைக்கு வேலை மாற்றினால் 'மடைமாற்று'. கணக்கு விட்டுக் கணக்குத் தாண்டினால் 'வாய்க்கால்மாற்று'. முதலாவதற்கு அறிவித்தல் போதும், இரண்டாவதற்குச் சட்டம் வேண்டும் என்ற வித்தியாசம், அடிக்குறிப்பு இல்லாமலே, வயலைக் கண்ட எவருக்கும் தெரியும். அனுமதியே இல்லாமல் செய்ததற்குப் பத்திரிகைகள் 'முறைகேடு' என்று போடட்டும், மடையை விட்டுவிடட்டும்.

'வாய்க்கால்மாற்று' நாட்டுப்புறமாக இருக்கிறது, அரச ஆவணத்தில் எடுபடாது என்று யாராவது சொல்லத்தான் போகிறீர்கள். பட்ஜெட் என்ற சொல்லே தோல்பையிலிருந்து வந்தது. பையை ஏற்றுக்கொண்ட உலகம் வாய்க்காலை ஏற்காதா? வினையாக்கும்போது கொஞ்சம் இடறுகிறது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது, தலைப்பு.

> 'குடியேற்றக் கட்டுப்பாட்டுக்கான நிதி' என்று தலைப்பு வைக்கலாம்.

தமிழ்நாட்டில் வைக்கலாம். திருகோணமலையில் வைத்தால் வேறு கதை. இங்கே குடியேற்றம் என்றால் கந்தளாய், அல்லை. அரசாங்கமே காணி வெட்டிக் கொடுத்து ஆட்களைக் கொண்டுவந்து இருத்திய திட்டங்கள். அந்தச் சொல்லோடு எங்கள் மாவட்டத்தின் அரைவாசி அரசியல் ஒட்டிக்கொண்டு வரும். 'குடியேற்றக் கட்டுப்பாட்டுக்கு அரசு நிதி' என்று தலைப்பைக் கண்டால் எங்கள் பக்கத்துக் கிழவர்கள் கட்டுரையை வாசிக்க மாட்டார்கள், கைதட்டுவார்கள். எங்களுக்குக் குடிவரவுதான். 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து திணைக்களத்தின் பெயர்ப்பலகை வரை குடிவரவு, குடியகல்வு என்றே ஓடுகிறது. மலேசியத் தோழி சொன்ன 'குடிநுழைவு' காதுக்கு நல்ல சொல், வாசலில் நிற்கிற ஆளே கண்ணில் தெரிகிறார். ஆனால் போவதற்கு அதில் சோடி இல்லை.

> கடைசியில் இலங்கைக்கும் ஒரு பந்தி சேர்க்கச் சொல்கிறார்கள். உதாரணம் என்ன கொடுக்கலாம்?

எங்கள் துறைமுகத்தையே கொடுங்கள். 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் மீனவர்கள் கண்ட ரோகிங்யா படகு. நூற்றுக்கு மேற்பட்ட ஆட்கள், அதில் பிள்ளைகளும். கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. நகரப் பள்ளிக்கூடமொன்றில் தங்கவைத்தார்கள், பிறகு கேப்பாபிலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எந்தத் திணைக்களத்துக்கு எந்த இலக்கத்தில் காசு என்று காட்டும் செலவுத்தலைப்புப் புத்தகத்தில் கடற்படை 223, விமானப்படை 224, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் 226. படகு ஒன்று, தலைப்பு மூன்று, பள்ளிக்கூடத்தைச் சேர்த்தால் நாலு. எல்லைப் பாதுகாப்பு என்று எங்கள் பாதீட்டில் ஒரே இடத்தில் காசு கிடக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் 2003 இல் இப்படிச் சிதறிக் கிடந்தவற்றை ஒரு கூரைக்குள் கொண்டுவந்த ஏற்பாடு. அதை அப்படியே 'உள்நாட்டு அமைச்சு' என்று போடவேண்டாம், இங்கே அது வேறு வேலை பார்க்கிற அமைச்சு.

இன்னொரு சின்ன விசயம். 2025 ஜூலை 4 இல் கையெழுத்தான அமெரிக்கச் சட்டத்தைப் பற்றிய பந்தி. சுவருக்கு 46.5 பில்லியன், தடுப்பு முகாம்களுக்கு 45 பில்லியன், 2029 செப்டம்பர் 30 வரை எடுத்துச் செலவழிக்கலாம். நீங்கள் அதற்குப் 'பல்லாண்டு ஒதுக்கீடு' என்று போட்டிருக்கிறீர்கள். பிழையில்லை, ஆனால் யாருக்கோ பல்லாண்டு பாடுவதுபோல் கேட்கிறது. 'ஆண்டு கடந்த ஒதுக்கீடு' என்றால் என்ன? டிசம்பர் 31 இல் வற்றிப்போகும் காசையே பார்த்துப் பழகிய என் போன்றவர்களுக்கு அந்தக் 'கடந்த' என்ற சொல்லிலேயே பொறாமை வருகிறது.

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: '2019 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சு, தரைப்படைச் சம்பளக் கணக்கிலிருந்த 1 பில்லியன் டொலரைப் போதைப்பொருள் தடுப்புக் கணக்குக்கு வாய்க்கால்மாற்றியது.' மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அமெரிக்க அரசியலில் அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை. தேங்காய் துருவிக்கொண்டே, "அப்ப முதல் வாய்க்கால்காரனுக்குத் தண்ணி?" என்று கேட்டாள். அந்த வருடம் எதிர்பார்த்த அளவுக்குப் படையில் ஆள் சேரவில்லை, அதனால் சம்பளக் காசு மிஞ்சியது என்று சொன்னேன்.

"விதைக்காத வயல்" என்றாள். தங்கச்சி, மிகுதி ஒதுக்கீடு என்று நீங்கள் போட்ட இடத்தை மட்டும் இன்னொருமுறை பாருங்கள்.