கையில் 2 லட்சம்தான், காணி வாங்கத் தொடங்கலாமா?

அண்ணாமார், அக்காமார், வணக்கம். நான் மட்டக்களப்பில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மஹாபொல புலமைப்பரிசில் காசில் மிச்சம் பிடித்ததும் பின்னேரங்களில் ரியூசன் கொடுத்து உழைத்ததுமாக 2 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதை வைத்துச் சின்னதாக ஒரு காணி வாங்கிப்போட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

கிரான் பக்கம் 20 பேர்ச் துண்டு ஒன்று மலிவாக வந்தது. விசாரித்தால் அது பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அதை உறுதிக் காணி (சொந்த உரிமைப் பத்திரம் உள்ள காணி) மாதிரி நினைத்தபடி விற்க முடியாது என்று அப்பா மறித்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். எங்கள் மாமா ஒருவர் முன்பு வெறும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தார். கடைசியில் காணியும் இல்லை, காசும் இல்லை.

இப்போது நானும் தோழி ஒருத்தியும் சேர்ந்து, செங்கலடியில் ஒரு உறுதிக் காணியைத் தவணைக்கு வாங்க யோசிக்கிறோம். இருவர் பெயரிலும் ஒரே உறுதி எழுதினால் பிறகு பிரிக்கும்போது சிக்கல் வருமா? காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவுகளை நாங்களே போய்ப் பார்க்கலாமா, உறுதி எழுதும் நொத்தாரிசு மூலம்தான் பார்க்க வேண்டுமா? முத்திரை வரி தவிர, நொத்தாரிசுக்கும் நில அளவையாளருக்கும் எவ்வளவு ஒதுக்க வேண்டும்? அப்புறம், மாரியில் வெள்ளம் நிற்கிற இடமா என்று யாரிடம் கேட்டால் உண்மை தெரியும்? அண்மையில் அந்தப் பக்கம் வாங்கியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வருகிற மாதம் முற்பணம் கேட்கிறார்கள்.