வீட்டில் லஹ்மாஜுன்: அடிப்பகுதி அப்பளமாகிறது, மேலே கறி நீர் விடுகிறது

நொய்யல்கரை (கோயம்புத்தூர்):

அனைவருக்கும் வணக்கம். நூற்பாலை இயந்திரங்களை நிறுவும் பணிக்காகத் துருக்கியின் தென்கிழக்கில் உள்ள காஸியான்தெப் நகரத்தில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தபோது, மதிய இடைவேளையில் பெரும்பாலும் நான் உண்டது லஹ்மாஜுன்தான். மெல்லிய மாவுத் தகட்டின்மேல் கொத்துக்கறிக் கலவையை விரல்களாலேயே அழுத்திப் பரப்பி, விறகு எரியும் கல் அடுப்பில் சில நிமிடங்கள் மட்டும் வைத்து எடுத்துத் தருவார்கள். பார்ஸ்லி இலைகளைத் தூவி, எலுமிச்சையைப் பிழிந்து, சுருட்டிக் கையில் பிடித்தபடி உண்பது வழக்கம். எத்தனை மெல்லியதாக இருந்தாலும் சுருட்டும்போது அது உடைந்ததை நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

என் மனைவியும் பிள்ளைகளும் அந்தச் சுவையை அறிய வேண்டும் என்ற ஆசையில் இதுவரை நான்கு முறை வீட்டில் செய்துவிட்டேன், நான்கும் தவறின. அரைக் கிலோ மைதாவுக்கு 300 மில்லி தண்ணீர், சிறிது ஈஸ்ட், உப்பு சேர்த்துப் பிசைகிறேன். ஆட்டுக்கறியை மிக்ஸியில் அரைத்து, வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள் கலந்து பரப்பி, மேசை ஓவனில் 200 டிகிரியில் 20 நிமிடங்கள் வேகவைக்கிறேன். ஓரங்கள் அப்பளம்போல் நொறுங்குகின்றன, நடுப்பகுதியிலோ கறி விட்ட நீர் தேங்கி நிற்கிறது. மூன்றாவது முறை கறியை முன்னதாகவே வதக்கிப் பார்த்தேன். அது மாவோடு ஒட்டாமல் உதிர்ந்து, சுருட்டிய கையிலிருந்து தட்டில் கொட்டியது. குறை மாவிலா, கறியிலா, என் ஓவனிலா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடலிநிழல் (ஜெர்மனி):

வணக்கம் அண்ணா. எங்கள் அடுக்குமாடியில் மேல்வீட்டில் இருப்பவர் உர்ஃபா நகரத்தைச் சேர்ந்த துருக்கிய அம்மா. பன்னிரண்டு வருடங்களாக அவரிடமிருந்துதான் இந்தச் சமையலைக் கற்று வருகிறேன். நீங்கள் கேட்டதை அவரிடமும் கதைத்துவிட்டே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். உர்ஃபாவிலும் காஸியான்தெப்பிலும் பெரும்பாலான வீட்டார் லஹ்மாஜுனை முழுவதுமாக வீட்டில் செய்வதில்லை. மேலே பரப்பும் கலவையை மட்டும் வீட்டிலோ இறைச்சிக் கடையிலோ ஆயத்தம் செய்து, பாத்திரத்தோடு தெருமுனை வெதுப்பகத்துக்கு எடுத்துச் செல்வார்கள். மாவும் கல் அடுப்பும் வெதுப்புபவருடையவை. அவர் பரப்பிச் சுட்டு அடுக்கித் தருவார், அதைக் கடதாசியில் சுற்றிச் சூடு ஆறுமுன் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். எனவே உங்கள் கை பழுது என்று எண்ணாதீர்கள். 300 டிகிரியைத் தாண்டிய கல்லின்மேல் இரண்டு மூன்று நிமிடங்களில் முடியும் வேலையை 200 டிகிரியில் 20 நிமிடங்கள் இழுத்திருக்கிறீர்கள். அந்த நேரத்துக்குள் மெல்லிய மாவில் இருந்த ஈரம் முழுவதும் போய்விடுகிறது. மேலே நீர் இருக்கும்வரை இறைச்சியின் சூடு 100 டிகிரியைக் கடக்காது. ஆகவே இறைச்சி வறுபடாமல் அவிந்துகொண்டே இருக்க, மாவு மட்டும் காய்கிறது.

அடுத்தது இறைச்சி. அங்கே ஸிர்ஹ் எனப்படும், இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுகின்ற பெரிய வளைந்த கத்தியால் கொத்துவார்கள். இயந்திரத்தில் அரைத்தால் இறைச்சி கூழாகி, நசுங்கிய தசையின் சாறு எல்லாம் வெளியே வந்துவிடும். உங்கள் ஊர்க் கறிக்கடைகளில் மரக்கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்திக் கொடுப்பார்கள் அல்லவா, அதுவே போதும். அங்கே செம்மறியின் வால்கொழுப்பையும் சேர்ப்பதுண்டு. வெள்ளாட்டு இறைச்சியில் கொழுப்புக் குறைவு என்பதால், 300 கிராம் இறைச்சிக்கு 60 கிராம் அளவில் கொழுப்பையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக் கொத்தச் சொல்லுங்கள். ஒருபோதும் முன்னதாக வதக்கக் கூடாது. பச்சை இறைச்சி வேகும்போதுதான் மாவைப் பற்றிக்கொள்ளும்.

தக்காளியின் விதையையும் சாற்றையும் நீக்கி, சதையை மட்டும் பொடியாக நறுக்குங்கள். சிவப்புக் குடைமிளகாயையும் நறுக்கிப் பிழிந்துவிட்டே சேர்க்க வேண்டும். வெங்காயத்தைப் பற்றி எழுதும்போது மேல்வீட்டு அம்மா என் பக்கத்தில் இருந்து மறுப்புச் சொல்லிக்கொண்டே இருந்தார், ஏனென்றால் உர்ஃபா முறையில் வெங்காயம் உண்டு. ஆனால் காஸியான்தெப் முறையில் கலவைக்குள் வெங்காயம் போடுவதில்லை, பூண்டுதான். நீங்கள் நாக்கில் வைத்திருப்பது அந்த ஊர்ச் சுவை என்றால், வெங்காயத்தை விட்டுவிடுங்கள்; சுவையும் சரியாகும், நீரும் குறையும்.

அடுமனைத்தோழன் (மதுரை):

இருவருக்கும் வணக்கம். பேக்கரி அடுப்படியில் இருபது ஆண்டுகளாக நிற்பவன் என்ற முறையில் மாவையும் வெப்பத்தையும் பற்றி மட்டும் சொல்கிறேன். கறியைப் பற்றி வடலிநிழல் அம்மையார் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஏதுமில்லை.

உங்கள் மாவின் அளவு சரிதான். 500 கிராம் மைதா, 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 3 கிராம் உலர் ஈஸ்ட் என்று வைத்துக்கொண்டு, பிசைந்தபின் குறைந்தது ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ஏறத்தாழ 90 கிராம் எடையுள்ள ஒன்பது உருண்டைகளாகப் பிரித்து, ஈரத்துணியால் மூடி மீண்டும் அரை மணி நேரம் விட்டால், தேய்க்கும்போது சுருங்காமல் விரியும். விரியாத மாவை வலுக்கட்டாயமாகத் தேய்ப்பவர்களுக்கு நடுவில் தடிப்பும் ஓரத்தில் மெலிவும் ஏற்பட்டு, மெலிந்த ஓரம் முதலில் காயும். உங்கள் ஓரங்கள் நொறுங்குவதற்கு வெப்பம் மட்டுமன்றி இதுவும் காரணமாக இருக்கலாம். 22 சென்டிமீட்டர் அகலம், சீரான தடிப்பு, ஒன்றுக்கு 60 முதல் 65 கிராம் கலவை என்பது நல்ல கணக்கு. கலவையை ஓரம்வரை பரப்புங்கள். பீட்சாவைப்போல் வெற்று விளிம்பு விட்டால் அந்த விளிம்புதான் அப்பளமாகும்.

பீட்சாவுக்கான சுடுகல்லை வாங்க வேண்டும் என்று யாராவது சொல்லக்கூடும். சிறிய மேசை ஓவனில் அதை முழுமையாகச் சூடேற்ற முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வீட்டில் இருக்கும் கனமான இரும்புத் தோசைக்கல்லே போதுமானது. எண்ணெய் தடவாமல் பெரிய தீயில் நன்றாகக் காயவிட்டு, கலவை பரப்பிய தகட்டை அதன்மேல் இட்டால் ஒன்றரை நிமிடத்தில் அடிப்பகுதியில் கருமையான புள்ளிகள் விழும். உடனே அதை எடுத்து, 250 டிகிரிக்கு முன்கூட்டியே சூடேற்றி, மேல்கம்பி மட்டும் எரியும்படி வைத்த ஓவனின் மேல்தட்டில் மூன்று நான்கு நிமிடங்கள் வையுங்கள். கறியில் ஓரிரு இடங்கள் சிவந்து கொழுப்பு பளபளக்கும்போது எடுத்துவிட வேண்டும். ஒட்டாப் பூச்சுள்ள கல்லை இவ்வாறு வெறுமையாகக் காயவிடுவது ஆபத்து, அந்தப் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும்; இரும்புக்கல் மட்டுமே பயன்படுத்துங்கள்.

எடுத்தபின் செய்ய வேண்டிய ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டிரண்டாகக் கறிமுகம் ஒன்றையொன்று பார்க்கும்படி அடுக்கி, பருத்தித் துணியில் ஐந்து நிமிடங்கள் சுற்றி வைக்க வேண்டும். தனக்குள் எழும் ஆவியிலேயே ஓரங்கள் தளர்ந்துவிடும். அம்மையார் சொன்ன, கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கத்திலும் இதுவே நிகழ்கிறது.

நொய்யல்கரை:

உங்கள் இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே செய்தேன். முதல் இரண்டைக் கல்லில் அதிக நேரம் விட்டுவிட்டதால் அடி கருகியது. மூன்றாவதிலிருந்து கை பழகியது, ஏழும் நன்றாக வந்தன. துணியைப் பிரித்து ஒன்றைச் சுருட்டியபோது அது உடையாமல் மடிந்ததைக் கண்டு, அடுக்களையிலிருந்தே என் மனைவியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். வெங்காயம் இல்லாததால் கிடைத்த வேறுபாடு நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிது, இத்தனை நாளும் நான் வேறோர் ஊரின் பண்டத்தைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு குறை மட்டும் மிஞ்சுகிறது. மேல்கம்பியின் கீழ் மிளகாய்த்தூள் கருகி இலேசாகக் கசக்கிறது. அங்கே உண்டதில் காரத்தோடு ஓர் இனிப்பும் ஆழ்ந்த சிவப்பு நிறமும் இருந்தன. அதை எப்படிப் பெறுவது?

வடலிநிழல்:

படித்ததும் மேல்வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன், அண்ணா. அவருக்கும் பெரிய மகிழ்ச்சி. நீங்கள் சொல்லும் இனிப்பு 'பிபர் சல்சாஸி' என்ற மிளகாய் விழுதிலிருந்து வருகிறது. கோடை முடியும் வேளையில் அந்தப் பக்கத்து ஊர்களில் சிவந்த மிளகாயை அரைத்து, உப்புச் சேர்த்து, பெரிய தட்டுகளில் மொட்டைமாடி வெயிலில் பரப்பி, கெட்டியாகும்வரை நாட்கணக்கில் கிளறிக் காயவைப்பார்கள். வீட்டில் செய்ய, ஒரு கிலோ சிவப்புக் குடைமிளகாயின் விதையை நீக்கி, வெந்நீரில் ஊறிய ஐந்தாறு காஷ்மீர் மிளகாயோடு அரைத்து, இரண்டு தேக்கரண்டி உப்பிட்டு, வாயகன்ற சட்டியில் சிறுதீயில் வற்றவிடுங்கள். ஒரு கிலோ கால் கிலோவுக்கும் குறைவாகச் சுருங்கி, அகப்பையால் கோடு கிழித்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்கும் பதத்தில் இறக்க வேண்டும். மேலே எண்ணெய் ஊற்றிக் குளிரூட்டியில் வைத்தால் இரண்டு வாரங்கள் பயன்படுத்தலாம். 300 கிராம் இறைச்சிக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும், விழுதில் உப்பு இருப்பதால் கலவைக்கு உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

தூளைத் தவிர்த்து, கொரகொரப்பாக இடித்த காஷ்மீர் மிளகாயைச் சிறிது எண்ணெயில் பிசறிச் சேர்த்தால் கருகாது. உர்ஃபாவின் 'இசோத்' மிளகாய் பகலில் வெயிலிலும் இரவில் மூடிச் சுற்றியும் மாறிமாறி வைக்கப்படுவதால் கறுத்து, உலர்திராட்சைபோல் ஓர் இனிப்பைப் பெறுகிறது. அதற்கு ஈடாக நம்மிடம் உள்ள எந்த மிளகாயையும் என்னால் சொல்ல முடியாது, எங்காவது கிடைத்தால் தவறாமல் வாங்கிவிடுங்கள். அடுத்த முறை ஒரு கத்தரிக்காயைத் தணலில் சுட்டு, தோலுரித்து, மசித்து, சுருட்டுவதற்கு முன் உள்ளே வைத்துப் பாருங்கள். காஸியான்தெப்பில் அப்படியும் உண்பார்கள்.