காலையில் பத்து உதை: வண்டியோட குணமா, பவுல்ல நிக்கிற பெட்ரோலா?

பாறைக்கால், காவேரிப்பட்டணம்:

எங்கிட்ட இருக்கிறது 250 சிசி டூ-ஸ்ட்ரோக் ட்ரையல்ஸ் வண்டி, அதாவது கால் ஊனாம பாறை, மேடு ஏறுற போட்டிக்கான பைக். சீட்டே கிடையாது, நின்னுக்கிட்டேதான் ஓட்டணும். பெங்களூர்ல செகண்ட் ஹேண்டா வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. ரோட்டுக்கு எடுக்கிறதில்ல. எங்க கொல்லையில பாறை நிறைய, அங்கதான் ஓடுது. வித்தவர் சொல்லித்தான் குடுத்தார்: "காலையில பத்து உதை வாங்கும், அது இதோட குணம்." நானும் ஒன்றரை வருஷம் அதை நம்பி உதைச்சேன். முட்டி வீங்கிப் போச்சு.

போன மாசம் கார்ப்ரேட்டரைக் கழட்டினேன். அதுல பெட்ரோல் தேங்கி நிக்கிற கிண்ணம்தான் பவுல், அதோட அடியில பச்சையும் வெள்ளையுமா மாவு மாதிரி படிஞ்சிருந்தது. நகத்தால சுரண்டினா பிசுபிசுன்னு ஒட்டுது. ஐட்லிங்குக்கு பெட்ரோல் விடற பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பார்த்தேன். ஊசிமுனை ஓட்டை, அதுலயும் பாதிதான் வெளிச்சம். ஊசி விட்டா ஓட்டை பெருசாயிடும்னு, பழைய வயர்ல இருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி விட்டேன். கிளீனர் அடிச்சு மாட்டினேன். மறுநாள் காலையில சோக் போட்டு மூணாவது உதையில எடுத்துக்கிச்சு.

அன்னியிலேருந்து ஓட்டி முடிச்சதும் பெட்ரோல் காக்கை (டேங்க்ல இருந்து பெட்ரோல் வர்ற வழியைத் திறந்து மூடுற திருகை) மூடிட்டு, இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடறேன். பவுல் காலி. பெட்ரோல்ல கலக்கிற ஆயில் லிட்டருக்கு 12.5 மில்லி, ஃபுல் சிந்தெடிக், அதாவது 80க்கு 1. குணம் குணம்னு சொல்லியே அழுக்கை விட்டு வெச்சிருக்கோம்னு எனக்குத் தோணுது. மத்தவங்க என்ன சொல்றீங்க?

எக்ஸ்எல் மெக்கானிக், ஊத்தங்கரை:

தம்பி, ஜெட்டை சுத்தம் பண்ணினது சரி. மத்த ரெண்டும் தப்பு.

நான் டூ-ஸ்ட்ரோக் பார்க்க ஆரம்பிச்சு 30 வருஷம் ஆச்சு. 2015ல ஃபோர்-ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வர்றதுக்கு முன்னாடி, நம்ம ஓசூர்ல செஞ்ச டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டுக்கு லிட்டருக்கு 20 மில்லிதான் கணக்கு. ரெண்டு மூட்டை மாங்காயோட மேடு ஏறின வண்டி அது. நீ முதல் கியர்ல நகர்ந்து நகர்ந்து பாறை ஏறுற. இன்ஜின் மேல காத்தே படாது. சித்திரை வெயில் வேற. 12.5 ஊத்தினா பிஸ்டன் ஜாம் ஆயிடும்.

காக்கை மூடி ஓட விடறதும் வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்ல பெட்ரோலோட கலந்துதான் ஆயில் உள்ள போகுது. பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையுது. கடைசி அரை நிமிஷம் பிஸ்டன் வறண்டு ஓடும். தினமும் அதைச் செஞ்சா என்ன ஆகும்னு யோசி.

அப்புறம் குணமே இல்லைன்னு சொல்லாதே. தேய்ஞ்ச ரிங், குறைஞ்ச கம்ப்ரஷன், எல்லாம் சேர்ந்துதான் ஒரு வண்டியோட குணம்.

பாறைக்கால்:

அண்ணா, எக்ஸ்எல் காத்துல ஆறுற இன்ஜின். இதுல ரேடியேட்டர் இருக்கு, அதுக்குப் பின்னாடி கரண்ட் ஃபேன் இருக்கு. சூடு ஏறினதும் தானா சுத்தும். பாறை மேல அசையாம நின்னாலும் இன்ஜின் ஆறும்.

நாம ஆக்சிலேட்டரை முறுக்குறதே அபூர்வம். முழு நாளும் ஐட்லிங்குக்குக் கொஞ்சம் மேலதான். நானும் ஆரம்பத்துல ஆறு மாசம் 20 மில்லி ஊத்தினவன்தான். சைலன்சர் முனையில கருப்பா கஞ்சி மாதிரி ஒழுகிச்சு. பிளக்கைக் கழட்டினா ஒவ்வொரு தடவையும் நனைஞ்சே வந்தது. எரியாத ஆயில் அது. பங்க்ல கிடைக்கிற சாதா ஆயில்னா நானும் 20 ஊத்துவேன்.

பெட்ரோலும் முன்ன மாதிரி இல்ல. 2023 பிப்ரவரியில பெங்களூர்ல இ20 ஆரம்பிச்சு வெச்சாங்க, இப்போ நம்ம பக்கமும் அதுதான். அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். தண்ணி அதிகமானா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து தனியா பிரிஞ்சு அடியில இறங்கும். ஜெட் தொங்குறது அங்கதான். நான் வாரத்துக்கு ஒருநாள் ஓட்டுறவன், மழைக்காலத்துல மாசக்கணக்கா வண்டி சும்மா நிக்கும். அதை பவுல்ல விட்டு வெச்சா மறுபடியும் அதே மாவுதான் படியும்.

தேன்கனிக்கோட்டை குளிர்:

எங்க ஊர் மார்கழியில உதைச்சுப் பாருங்க, அப்போ தெரியும்.

உதைக்கிற முறையையும் பேசணும். இந்த வண்டிக்கு கிக்கர் குட்டையா இருக்கும், மடக்கி வெச்சிருப்பாங்க. மேல இருந்து ஓங்கிக் குத்தினா பாதியில நின்னு காலைத் திருப்பி அடிக்கும். மெதுவா அழுத்தி இறுக்கம் வர்ற இடத்தைத் தாண்டணும். கிக்கரை முழுசா மேல வர விட்டு, அப்புறம் ஒரே உதை, அடி வரைக்கும். சோக் போட்டிருக்கப்போ ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது. தொட்டா சோக் வழியா வர்ற பெட்ரோல் குறைஞ்சிடும். எங்க பசங்க பாதிப் பேர் செய்யற தப்பு இதுதான். வண்டி சாய்ஞ்சு விழுந்து ஃப்ளட் ஆனா, அதாவது இன்ஜினுக்குள்ள பெட்ரோல் அதிகமா போயிட்டா, நேர் எதிர்: காக்கை மூடி, சோக்கை எடுத்து, ஆக்சிலேட்டரை முழுசா திறந்து பத்து உதை.

போட்டியில கால் ஊனினா ஒரு புள்ளி போகும். கால் ஊனி இருக்கப்போ இன்ஜினும் நின்னா அஞ்சு. அதனாலதான் ஸ்டார்ட்டிங் விஷயத்துல நான் இவ்வளவு புடிவாதமா இருக்கேன்.

எனக்கு வேற ஒரு தொல்லை. குளிர்ல ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச் புடிச்சு கியர் போட்டா வண்டி முன்னாடி குதிக்குது. சுவத்துல இடிச்சிருக்கேன். இதையும் குணம்னு விடறதா?

எக்ஸ்எல் மெக்கானிக்:

ராத்திரி முழுக்க ஆயில்ல ஊறி கிளட்ச் பிளேட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, அவ்வளவுதான். படுக்கப் போறதுக்கு முன்னாடி லீவரை ஹேண்டில்பாரோட சேர்த்து டியூப் ரப்பரால கட்டிடு. காலையில பிரிஞ்சே இருக்கும்.

பாறைக்கால்:

கேபிள் கிளட்ச்சுன்னா கட்டலாம் அண்ணா. இது ஹைட்ராலிக், கேபிளுக்குப் பதிலா ஆயில் அழுத்தத்துல வேலை செய்யும். ராத்திரி முழுக்க சீல் மேல அழுத்தம் நிக்கும். அந்த குட்டி சீல் போனா நம்ம ஊர்ல கிடைக்காது. நான் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டாவது கியர் போட்டு, கிளட்ச்சைப் புடிச்சு, வண்டியை முன்னும் பின்னும் தள்ளுவேன். முதல்ல டயர் இறுக்கமா இழுக்கும், திடீர்னு லேசாகும். பிளேட் விட்டுடுச்சுன்னு கைக்கே தெரியும். அப்புறம் நியூட்ரலுக்கு வந்து உதை. கியர் ஆயிலை மெல்லிசா மாத்தினதுலயும் பலன் இருந்தது.

காக்கை மூடி ஓட விடற விஷயத்துல நீங்க சொன்னதை யோசிச்சேன். ஓட விட்டாலும் அடியில ஒரு ஸ்பூன் மிச்சம் நிக்குது, போன வாரம் திறந்து பார்த்தேன். அப்போ அதுல பாதி பலன்தான். இனிமே பவுல் அடியில இருக்கிற டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு டப்பாவுல வடிச்சிடறேன். பிஸ்டனும் வறளாது, ஜெட்டும் அடைக்காது.

தேன்கனிக்கோட்டை குளிர்:

ரெண்டாவது கியர்ல தள்ளிப் பார்த்தேன். இன்னிக்கு குதிக்கல.

எக்ஸ்எல் மெக்கானிக்:

டிரெயின் ஸ்க்ரூ நல்ல வழி. ஹைட்ராலிக் சீலும் நீ சொன்னது சரிதான், ரப்பர் கட்டச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா 12.5க்கு நான் இன்னும் வரல. ஃபேன் தண்ணியை ஆத்தும், சிலிண்டர் சுவத்துக்கு ஆயில் யார் குடுப்பா?

ஞாயித்துக்கிழமை காலையில உங்க கொல்லைக்கு வரேன். சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மேல வண்டியைத் தொடாதே. பிளக்கை நான் கழட்டுறேன். அப்புறம் சைலன்சரை இறக்கிட்டு எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டர்ல புகை வெளிய வர்ற ஓட்டை) வழியா டார்ச் அடிச்சு பிஸ்டனைப் பார்க்கலாம். மேலிருந்து கீழ கோடு விழுந்திருந்தா அன்னிக்கே 20க்கு மாறணும். பிஸ்டன் பளபளன்னு இருந்தா உன் கணக்கை நான் ஒத்துக்கிறேன்.

பாறைக்கால்:

வாங்க அண்ணா. 10ஆம் நம்பர் ஸ்பேனர் மட்டும் எடுத்துட்டு வாங்க, என்னோடது வழுக்குது.