அலெக்ஸாண்ட்ரா பேலஸ் மேட்டில் கார்த்தி

கார்த்தி: [புகைப்படம்] பெரியப்பா, இன்று லண்டனில் அலெக்ஸாண்ட்ரா பேலஸ் போனேன். சுவரில் நீல வட்டப் பலகை. 1936 நவம்பர் 2, பிபிசி டிவி இங்கேதான் தொடங்கியது என்று போட்டிருக்கிறது. உங்கள் ஞாபகம்தான் வந்தது.

பெரியப்பா: ரொம்ப சந்தோஷம் தம்பி. கோபுரத்து மேலே ஆண்டெனா மாஸ்ட் நிற்குமே, பார்த்தாயா?

கார்த்தி: பார்த்தேன். தூரத்திலிருந்தே தெரிகிறது.

அத்தை: டிவி என்றால் ஜான் லோகி பேர்டு என்றுதானே பள்ளியில் படித்தோம். அவர் தொடங்கியதா?

பெரியப்பா: பாதி அவருடையது. 1926 ஜனவரியில் லண்டன் சோஹோ பகுதியில் ஒரு மாடி அறையில் முதலில் காட்டியவர் அவர். அப்போது 30 லைன். 1936இல் 240 லைனுக்கு வந்துவிட்டார். ஆனால் எதிரே மார்கோனி-ஈஎம்ஐ என்ற போட்டிக் கம்பெனி 405 லைனோடு நின்றது. பிபிசி இவருக்கு ஒரு வாரம், அவர்களுக்கு ஒரு வாரம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தது. முதல் நாள் யார் என்று காசு சுண்டினார்கள். பேர்டு பக்கம் விழுந்தது.

ப்ரியா: லைன் என்றால் என்ன தாத்தா?

பெரியப்பா: படத்தைக் கோடு கோடாகப் பிரித்து அனுப்புவார்கள் கண்ணு. கோடு கூடினால் படம் தெளியும். நான் கடையில் பழுது பார்த்த செட்டெல்லாம் 625.

கார்த்தி: பேர்டு முறையில் படம் தாமதமாக வருமாமே?

பெரியப்பா: ஆமாம். ஸ்டூடியோவில் சினிமா கேமரா. நகர்த்த முடியாது. ஓடிய பிலிம் அப்படியே தொட்டிக்குள் இறங்கும், டெவலப் ஆகும், கழுவும், ஈரம் காய்வதற்குள் சுழலும் ஓட்டைத் தகடு வழியாகக் கோடு கோடாக ஸ்கேன் ஆகும். ஆள் பேசி ஏறக்குறைய ஒரு நிமிஷம் கழித்துத்தான் வீட்டில் படம். தொட்டி மருந்தில் சயனைடு வேறு.

அத்தை: சயனைடா! ஆள் நடமாடுகிற இடத்திலா?

பெரியப்பா: ஆமாம். ஈஎம்ஐயில் ஆராய்ச்சித் தலைவர் ஷோன்பெர்க் குழுவின் எமிட்ரான் கேமராவுக்குத் தொட்டியும் வேண்டாம், சுழலும் தகடும் வேண்டாம். டியூபுக்குள் எலக்ட்ரான் கற்றை ஓடும், படம் உடனே போய்விடும். அது ஜெயித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனாலும் திறப்பு விழாவில் பேர்டை மேடை ஏற்றவில்லை, கூட்டத்தோடுதான் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

ப்ரியா: அப்போது எல்லார் வீட்டிலும் டிவி இருந்ததா?

பெரியப்பா: எங்கே! ஒரு செட் சுமார் 100 பவுண்டு. அந்தக் காசுக்கு ஃபோர்டு சின்னக் காரே வரும். சிக்னலும் லண்டனைச் சுற்றித்தான்.

அத்தை: அப்புறம் அவர் என்ன ஆனார்?

பெரியப்பா: அதே நவம்பர் 30 ராத்திரி லண்டனில் இருந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற பெரிய கண்ணாடி மாளிகை எரிந்தது. அவர் கம்பெனியின் ஆய்வுக்கூடம் அங்கேதான். 1937 பிப்ரவரியில் பிபிசி அவர் முறையை நிறுத்திவிட்டது.

அத்தை: ஐயோ பாவமே. மூன்று மாதத்தில் எவ்வளவு தாங்குவார்?

பெரியப்பா: அந்த 405 லைன் 1985 வரை ஓடியது தெரியுமா? நான் 1983இல் கடை போட்டபோதுகூட அங்கே அது இருந்தது. கார்த்தி, சோஹோ பக்கம் போவாயா?

கார்த்தி: ஞாயிறு போகிறேன் பெரியப்பா. என்ன வேண்டும்?

பெரியப்பா: ஃபிரித் தெரு 22. கீழே இப்போது காபிக் கடை. பலகையை மட்டும் எடுக்காதே, மேல்மாடி ஜன்னலும் சேர்ந்து விழுகிற மாதிரி எடு. அவர் வேலை செய்த அறை அங்கேதான்.